முகட்டுக் கயிறு

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் கிடைத்துவிட்டால் அந்தப் பொருளே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. எனக்கு இந்த வியாதி முற்றிய நிலையில் இருக்கிறது. சுரங்கம், பங்குச் சந்தை, இதய அறுவை சிகிச்சை, பருத்திப் புழு என்று எதைப் பற்றியும் நாலு பத்தி எழுதிவிடுவேன். இவற்றில் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை.

பல வருடங்களுக்கு முன் கோடைச் சிறப்பிதழ் ஒன்றுக்காக மலையேற்றம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்தேன். அதில் தார்ப்பாய்க் கூடாரம் போடுவது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தி. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்ட வேண்டும். அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு இரு பக்கமும் சரிவாக இழுத்துத் தரையில் முளை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். நடுக்கயிற்றுக்கு 'முகட்டுக் கயிறு' என்று போட்டேன். பாயின் கீழ் விளிம்புக்கு 'இறவாரம்'. கிராமத்தில் தாத்தா வீட்டுக் கூரையிலிருந்து எடுத்த சொற்கள். தரையில் அடிப்பதற்கு, மாடு கட்டும் 'முளைக்குச்சி' இருக்கவே இருந்தது. ஆசிரியர் பாராட்டினார். ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் உதவி ஆசிரியர் பேனாவை வைத்தார். "முகட்டுக் கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு விறைப்பாக?" என்றார். மூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்தக் கேள்விக்கு 2022 செப்டம்பர் கடைசி வாரத்தில், தவுலதார் மலையில், நடு இரவில் பதில் கிடைத்தது.

தவுலதார் என்பது இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்குக்கு மேலே சுவர் மாதிரி எழும்பி நிற்கும் மலைத்தொடர். தில்லியிலிருந்து இரவு பஸ் ஏறினால் காலையில் தர்மசாலா. அங்கிருந்து மெக்லியோட்கஞ்ச், அப்புறம் ஓக் மரங்களுக்கும் ரோடோடென்ட்ரான் மரங்களுக்கும் நடுவே நடைபாதை. சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் திரியுண்ட் என்ற புல்வெளி. பெரும்பாலோர் அதோடு திரும்பிவிடுவார்கள். அதற்கும் மேலே மரங்கள் குறைந்து, பாறைகளும் புல்லும் மட்டுமே இருக்கும் இடத்துக்கு லாக்கா என்று பெயர். 4,300 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்திரஹார் கணவாய்க்குப் போகிறவர்களின் பாதை அது. காலங்காலமாக கத்தி இன மேய்ப்பர்கள் ஆடுகளை ஓட்டிச் செல்லும் பாதையும் அதுதான். கோடையில் கணவாய்களைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறவர்கள், செப்டம்பர், அக்டோபரில் காங்க்ராவுக்கு இறங்கி வருவார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான், பதின்மூன்று வயது மகன், நொய்டாவில் பொறியாளராக இருக்கும் என் தம்பி. வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்த 2020, 2021க்குப் பிறகு மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்", "ம்ஹூம்" என்று மட்டும் பேசக் கற்றிருந்தான். மலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "கூடாரம் வேண்டாம், தார்ப்பாய்னா வரேன்" என்று ஒரு முழு வாக்கியம் பேசினான். யாரோ காட்டில் பாய் கட்டித் தூங்கும் வீடியோ பார்த்திருக்கிறான். அந்த வாக்கியத்தின் சந்தோஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. "கூடாரம் வாடகைக்குக் கிடைக்கும், ஒரு வழிகாட்டியையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கணவர் சொன்னார். எனக்கா வழிகாட்டி? முகட்டுக் கயிறு என்ற சொல்லையே போட்டவள் நான்!

சதர் பஜாரில் தார்ப்பாய் வாங்கினோம். 12க்கு 15 அடி, நீல நிறம், இரண்டு கிலோ எடை, விலை 1,400 ரூபாய். கடையில் நின்றபோது மகனிடம் சொல் விளக்கம் சொன்னேன் (தமிழ் எம்.ஏ. படித்தவர்களோடு கடைக்குப் போவதில் இந்த ஆபத்து உண்டு). கப்பலில் சரக்கை மூடும் கனத்த துணியில் தண்ணீர் இறங்காமல் இருக்க மாலுமிகள் தார் பூசினார்கள். தார் பூசிய போர்வை என்ற பொருளில் ஆங்கிலச் சொல் பிறந்தது. அது தமிழுக்கு வந்தபோது பின்பாதி தானாகவே 'பாய்' ஆகிவிட்டது. பாய் என்றால் படுக்கும் பாய். பாய்மரத்தில் கட்டும் பாயும்கூட. "கப்பலிலிருந்து வந்த சொல் தமிழிலும் கப்பலிலேயே ஏறிக்கொண்டது பார்த்தாயா" என்றேன். "ம்" என்றான். இப்போது அதில் தாரும் கிடையாது, துணியும் கிடையாது. பிளாஸ்டிக் நாடாக்களை நெய்து, இரு பக்கமும் பிளாஸ்டிக் பூசி, ஓரங்களில் உலோக வளையம் அடித்திருக்கிறார்கள்.

மாலை நாலு மணிக்கு லாக்காவை அடைந்தோம். வானம் சுத்தமாக இருந்தது. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே மெத்தென்று புல் வளர்ந்த ஒரு இடம். நடுவில் லேசான குழிவு, தொட்டில் மாதிரி. "ஆஹா, படுக்கை தயாராக இருக்கிறது" என்றேன். மரம் இல்லாததால் இரு பாறைகளிலும் கயிற்றைச் சுற்றி முகட்டுக் கயிறு கட்டினோம். நிமிர்ந்து உட்கார வசதியாக ஐந்தடி உயரம். வாசலைப் பள்ளத்தாக்கின் பக்கம் வைத்தோம். இருட்டியதும் காங்க்ராவின் விளக்குகள் தெரியுமே! கீழே விரிக்கப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு. அது பாயைவிட இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. "செருப்பு வைக்க உதவும்" என்றான் தம்பி. முளைகள் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை, அடியில் முழுக்கக் கல். கிடைத்த கற்களை மேலே வைத்தோம். தள்ளி நின்று பார்த்தபோது பெட்டிச் செய்தியில் இருந்த படம் போலவே இருந்தது. மகன் புகைப்படம் எடுத்தான்.

இந்தப் பத்தியில் ஐந்து தவறுகள் இருக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் எண்ணியிருப்பார்கள். நாங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம்.

பதினோரு மணி வாக்கில் காற்று எழுந்தது. சமவெளியிலிருந்து மேலேறி வரும் காற்று, நாங்கள் திறந்துவைத்திருந்த வாசல் வழியாகவே நுழைந்து பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது. பின்னாலேயே மழை. நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பது பொறியாளருக்கும் நினைவில்லை. கட்டும்போது விறைப்பாக இருந்த முகட்டுக் கயிறு அரை மணியில் தொட்டில் சேலைபோலத் தொங்கியது. தொங்கிய பாயில் தண்ணீர் சேர்ந்தது. சேர்ந்த தண்ணீரின் கனத்தில் இன்னும் தொங்கியது. தம்பி உள்ளிருந்து கையால் தூக்கி அதைத் தள்ளிவிட்டான். ஒரு குடம் தண்ணீர் ஓரத்தில் கொட்டியது. ஓரத்தில் எங்கள் விரிப்பு நீட்டிக்கொண்டிருந்ததே, அது மொத்தத்தையும் வாங்கி உள்ளே, எங்களுக்கு அடியில், அந்த அழகான குழிவுக்குள் சேர்த்தது. பாயின் மேல் விழுந்த மழையை நாங்களே ஒரு சொட்டு வீணாக்காமல் படுக்கைக்குக் கொண்டுவந்திருந்தோம். போதாததற்குக் கயிற்றின் வழியாகவும் தண்ணீர் வழிந்து உள்ளே வந்து சொட்டியது. அடுத்த பெரிய காற்றில் ஒரு மூலையின் வளையம் பிய்த்துக்கொண்டு போயிற்று. பாய் பட்டாசுபோல வெடித்துப் படபடத்தது.

முதலில் சிரித்தோம். அது உண்மை. மகன்கூட விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் அவன் பல் கிட்ட ஆரம்பித்தது. தூங்கும் பை முழுக்க நனைந்திருந்தது. அவனை மடியில் போட்டு என் ஸ்வெட்டரைச் சுற்றினேன். அதுவும் ஈரம். ஒரு மணி நேரம் கழித்து நடுக்கம் குறைந்தது. "பரவாயில்லை, சூடு வந்துவிட்டது போல" என்று தம்பியிடம் சொன்னேன். தண்ணீர் பாட்டிலை மகன் கையில் கொடுத்தேன். அவன் மூடியைத் திறக்கப் பார்த்தான், விரல்கள் பிடிக்கவில்லை. ஏதோ சொன்னான். வார்த்தை குழறியது.

அந்த மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இன்னொரு பத்தி இருந்தது. உடல் வெப்பம் 35 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே போனால் முதலில் நடுக்கம், பிறகு கை தடுமாறும், நாக்குக் குழறும். சூடேறாமலே நடுக்கம் நின்றால் அது குணமல்ல, ஆபத்து. என் கையால் எழுதிய வரி. மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்த பிறகுதான் அதன் பொருள் புரிந்தது. அந்த நிமிடத்தின் பயத்துக்கு என்னிடம் எந்த மொழியிலும் சொல் இல்லை.

தம்பி டார்ச்சை எடுத்து நாலா பக்கமும் ஆட்டிக் கத்தினான். மாலையில் மேலே சற்றுத் தள்ளி ஆட்டு மந்தை ஒன்று வந்து இறங்கியதைப் பார்த்திருந்தோம். முதலில் நாய் குரைத்தது. பிறகு ஒரு சிறிய வெளிச்சம் பாறைகளுக்கு நடுவே ஆடி ஆடி இறங்கி வந்தது.

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கம்பளிச் சட்டை, இடுப்பில் தோரா என்கிற கறுப்புக் கம்பளிக் கயிற்றைச் சுற்றுச் சுற்றாகக் கட்டியிருந்தார். கத்தி மேய்ப்பர்களின் அடையாளம் அது. கூடாரத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பையனின் கன்னத்தைத் தொட்டார், விரல்களைப் பார்த்தார். "பேட்டீ, ஈரத்தையெல்லாம் கழற்று" என்றார் ஹிந்தியில். நான் தயங்கினேன், இந்தக் குளிரில் கழற்றுவதா என்று. "ஈரத் துணி துணியில்லை, தண்ணீர்" என்றார். கழற்றினேன். தோள்மேல் போட்டிருந்த கம்பளிப் போர்வையைப் பையனுக்குத் தலையோடு சுற்றி, இடுப்புத் தோராவை அவிழ்த்து அதன் மேல் கட்டினார், குழந்தையைப் பொதிவதுபோல. நான் பாதத்தைத் தேய்க்கப் போனேன். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார்.

"உங்கள் டேராவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா சாச்சாஜி?" என்றான் தம்பி. வழுக்கும் பாறையில், இருட்டில், பையனைத் தூக்கிக்கொண்டு ஏறுவது இதைவிட ஆபத்து என்றார் அவர். பிறகுதான் எங்கள் மாளிகையைத் திரும்பிப் பார்த்தார். "இதைப் பார்ப்பதற்காகக் கட்டினீர்களா, படுப்பதற்காகவா?"

பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். பாயைக் குழிவிலிருந்து ஓர் ஆள் நீளம் மேலே, மேடான பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னார். காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரையோடு தரையாகப் படியவைத்து, இடைவெளியே இல்லாமல் கல் அடுக்கினார். எதிர் விளிம்பு மட்டும் இடுப்பு உயரத்தில், மலையைப் பார்த்து, திறந்திருந்தது. நாங்கள் வீடு கட்டியிருந்தோம். அவர் சாய்ப்பு ஒன்று இறக்கினார். காற்று சரிவில் ஏறி எங்களுக்கு மேலே போய்விட்டது.

பிய்ந்த மூலைக்கு வளையம் தேவைப்படவில்லை. நெல்லிக்காய் அளவில் வழவழப்பான கூழாங்கல்லைப் பாயின் உள்பக்கம் வைத்து, பாயை அதன்மேல் மடக்கி, கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பொத்தான் மாதிரி நின்றது. எவ்வளவு இழுத்தாலும் கல் இருக்கும்வரை கயிறு உருவ முடியாது. மேல் கயிற்றைக் கட்டிய விதம்தான் எனக்குப் பாடம். கயிற்றின் நடுவே ஒரு கண்ணி போட்டார். நுனியைப் பாறையைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துப் பின்பக்கமாக இழுத்தார். ஒரு கை இழுப்பு இரண்டு கை பலமாகிவிடுகிறது. கயிறு இறுகிக்கொண்டே போயிற்று. கட்டி முடித்து அதை விரலால் சுண்டினார். வீணைத் தந்திபோல 'ண்ங்' என்றது. "இப்படிப் பேச வேண்டும். பேசாவிட்டால் மறுபடி இழு. நனைந்தால் இது இளகும், இரவில் இரண்டு தடவை எழுந்து இழு" என்று தம்பியிடம் சொன்னார்.

எவ்வளவு விறைப்பாக? சுண்டினால் பேசும் அளவுக்கு. உதவி ஆசிரியருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

கடைசியாக, பாய்க்கு வெளியே, கயிற்றின் இரு கோடியிலும் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டார். கயிற்றின் வழியே ஓடிவந்த தண்ணீர் அந்த நூலைப் பிடித்து இறங்கி வெளியிலேயே சொட்டியது. விரிப்பை உள்பக்கம் மடித்து, இறவாரத்துக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி வைத்தார். பையனுக்கு அடியில் எங்கள் மூன்று முதுகுப் பைகளையும் அடுக்கினார். காற்று நின்றதால் திறந்த பக்கத்து ஓரத்தில் அடுப்புப் பற்றியது. சர்க்கரையை அள்ளிப் போட்ட தேநீரை மகன் மடக்கு மடக்காகக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். நான் பதறினேன். "நல்லது, நடுங்கட்டும். உடம்பு வேலை செய்கிறது" என்றார். மூன்று மணிக்கு நடுக்கம் அடங்கி, கை கால் சூடாகி, "அம்மா, இந்தப் போர்வை ஆட்டு நாத்தம்" என்று முனகினான். என் வாழ்நாளில் கேட்ட மிக நல்ல வாக்கியம் அது.

மழை விட்ட பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. முல்லைப்பாட்டு நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள்தான், நப்பூதனார் பாடியது. மழைக்காலத்தில் காட்டில் அமைத்த பாசறை அதில் வருகிறது. வீரர்கள் கோல் நட்டுக் கயிறு இழுத்துக் கூடாரம் அமைக்கிறார்கள். பரீட்சைக்காக அந்த அடிகளைப் பதம் பிரித்துப் பொருள் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கயிறு இழுப்பது ஒரு வேலை என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

இன்னொரு நினைவும் வந்தது. அது அவ்வளவு சுகமானதல்ல. 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் பூகம்பம் வந்தபோது நான் வேலையில் சேர்ந்த புதிது. வந்து குவிந்த செய்திகளைத் தில்லியில் உட்கார்ந்து ராப்பகலாக மொழிபெயர்த்தோம். ஒவ்வொரு செய்தியிலும் தார்ப்பாய் வரும். தார்ப்பாய் வரவில்லை, தார்ப்பாய் போதவில்லை, தார்ப்பாய்க்காக வரிசை. சலிப்பாக இருந்தது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஓர் இடத்தில் 'தற்காலிகக் கூரை' என்று மாற்றிப் போட்டேன், நடை அழகுக்காக. நிவாரணப் பணியாளர்களுக்கு 'ஸ்ஃபியர்' என்று ஒரு சர்வதேசக் கையேடு உண்டு. வீடிழந்தவர்களுக்குக் கூரைக்குக் கீழே தலைக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது அது. அந்தக் கணக்குப்படி எங்கள் மூவருக்கும் பத்தரை சதுர மீட்டர். அன்று எங்களுக்கு இருந்தது அதில் பாதி இருக்கலாம். ஒரே இரவு, அதுவும் விளையாட்டுக்காக, நாங்களே தேடிப் போனது. கட்சில் அது ஜனவரிக் குளிர். எத்தனை இரவு என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்றவர்கள் ஏன் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று எனக்குப் புரிய இருபத்தொரு வருடம் ஆகியிருக்கிறது.

காலையில் வெயில் வந்தது. போர்வையையும் தோராவையும் திருப்பிக் கொடுக்கப் போனோம். தம்பி பணத்தை எடுத்தான். பெரியவர் அதைக் கவனிக்காததுபோல எங்கள் தார்ப்பாயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எனக்கு விலைக்குத் தருவீர்களா?" என்றார். அவருடைய பாயைக் காட்டினார். ஒரு கோடை முழுக்க மலை வெயில் பட்டு, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. கீழே போய்ச் சேர இன்னும் நாள் இருக்கிறது. வழியில் குட்டி போடும் ஆடுகள் இருக்கின்றன. சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். முகம் மாறிவிட்டது. ஒரு இரவு உபயோகித்தது, ஒரு மூலை பிய்ந்தது என்று கணக்குப் போட்டு 300 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். வாங்காவிட்டால் அவமரியாதையாகியிருக்கும்.

அன்று மாலையே மெக்லியோட்கஞ்சுக்கு இறங்கிவிட்டோம். டாக்டர் பார்த்துவிட்டு, பையனுக்கு ஒன்றுமில்லை என்றார். எனக்குத்தான் ஒரு பார்வை கிடைத்தது. கணவரிடம் முழுக் கதையையும் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பழைய சிறப்பிதழைத் தேடி எடுத்து அந்தப் பெட்டிச் செய்தியைப் படித்தேன். பிழை எதுவும் இல்லை. எல்லாச் சொல்லும் சரி. அதை நம்பி யாராவது ஒருவர் மலையில் பாய் கட்டியிருந்தால் அவர் நனைந்திருப்பார்.

அடுத்த வருடம் ஜூலையில் ஒரு மழை நாள். அலுவலகத்திலிருந்து வந்தபோது வீட்டில் மகனைக் காணோம். மொட்டை மாடியில் இருந்தான். தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே கயிறு கட்டி, பழைய மேசை விரிப்பைச் சாய்ப்பாக இறக்கி, செங்கல் அடுக்கி, உள்ளே உட்கார்ந்திருந்தான். ஒரு மூலையில் கூழாங்கல் முடிச்சு. கயிற்றில் தொங்கிய நூலிலிருந்து வெளியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்து உள்ளே போனேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டிக் கயிற்றைச் சுண்டிக் காட்டினான்.

பேசியது.